அண்ணன் அனுப்பின டப்பா

துலூஸ், பிரான்ஸ்
17 மார்ச் 1985

மச்சான் ஆதிமூலத்துக்கு,

இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. முழங்கால் இரண்டும் தனியாக ஒரு கச்சேரி நடத்துகின்றன. மற்றபடி நானும் ராஜாம்பாளும் சுகம்.

போன கடிதத்தில் வழக்கம்போலத் துருவைப் பற்றி ஒரு பக்கம் புலம்பியிருந்தாய். கடற்காற்றும் மழையும் சேர்ந்து உன் போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருக்கிற பிஸ்டல்களை அரித்துத் தின்கின்றன என்று. அதனால் உனக்கு ஒரு செய்தி. எங்கள் பட்டாளத்துப் பட்டறைக்குப் பரீட்சை பார்க்க ஒரு பிஸ்டல் வந்திருக்கிறது. பக்கத்து நாட்டில் செய்தது. மேலே ஓடுகிற ஸ்லைடும் குழலும்தான் எஃகு. பிடியும் உடம்பும் பிளாஸ்டிக்.

சிரிக்காதே. நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வருடம் எஃகைத் தேய்த்த கை இது. குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான் என்று பட்டறைக்குப் பொறுப்பான கப்பித்தேனிடமே சொல்லிவிட்டேன். அவர் அதை மணலில் புதைக்கச் சொன்னார். எடுத்து உதறிச் சுட்டேன், சுட்டது. தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டோம், சுட்டது. மாடியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டோம், ஒரு கீறலோடு எழுந்து வந்து சுட்டது. பக்கத்திலேயே நம்முடைய பழைய எஃகுப் பிஸ்டலையும் அதே மணலில் புதைத்திருந்தோம். மூன்றாவது தோட்டாவில் மாட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது, என் பிள்ளை பரீட்சையில் தோற்ற மாதிரி.

என் தம்பி வடிவேல் சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான் என்று உன் தங்கை சுலோசனா எழுதியிருந்தாள். தீபாவளிக்கு ஊசிவெடி வெடித்தாலே கட்டிலுக்கு அடியில் பதுங்குகிற பயல், இடுப்பில் பிஸ்டல்! அவனுக்கும் உன் கிடங்கிலிருந்துதானே எடுத்துக் கொடுக்கிறாய்? பார்த்துக் கொடு. உன் தங்கை புருஷன் என்பதற்காக இல்லாவிட்டாலும் என் தம்பி என்பதற்காக.

எங்கள் பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிற சொல்தா ஒருவரிடம் ஒரு பச்சை டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். இங்கே துப்பாக்கிகளுக்குப் போடுகிற கிரீஸ். நீ போடுகிற தண்ணி எண்ணெய் இல்லை. ஒரு தரம் தடவினால் மூன்று மாதத்துக்குத் துரு கிட்டே வராது.

உன் மச்சான்
ராமலிங்கம்


நெல்லித்தோப்பு, புதுச்சேரி
14 ஏப்ரல் 1985

மச்சான்,

வருஷப் பிறப்பும் அதுவுமாக உனக்குத்தான் முதல் கடிதம். பாயசம் ஆறுகிறது என்று குஞ்சம்மாள் கத்துகிறாள். கத்தட்டும்.

பிளாஸ்டிக் பிஸ்டலாம். போன மாசம் பெரிய மார்க்கெட்டில் குஞ்சம்மாள் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தாள். கடைக்காரன் அதன்மேல் ஏறி நின்று காட்டினானாம். மொட்டை மாடியில் பத்து நாள் வெயில் குடித்தது. பதினொன்றாம் நாள் தண்ணீரோடு தூக்கினாள், பிடி மட்டும் கையோடு வந்தது, வாளி நின்ற இடத்திலேயே நின்றது. உன் தம்பி ஒரு திருடன் எதிரில் பிஸ்டலை உருவி, பிடி மட்டும் கையில் வந்தால் என்ன செய்வான்? அதை வைத்து அவன் தலையில் தட்டுவானா?

உன் நாட்டில் பனி. இங்கே ஜீப்புக்குள் வைத்த இரும்பு மதியத்தில் தோசைக்கல். பிளாஸ்டிக் இதில் எத்தனை வருஷம் நிற்கும் என்று எழுது, பிறகு பேசலாம். இரும்பு வளைந்தால் நிமிர்த்தலாம், தேய்ந்தால் அரம் போடலாம். அது கெட்டுப்போவதற்கு முன்னால் சத்தத்தில் சொல்லும், கையில் சொல்லும். கேட்கிற காது வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக என் கிடங்கிலிருந்து போன ஒரு பிஸ்டலும் தேவைப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. கர்வம் என்று சொல்லு, பரவாயில்லை.

டப்பா வந்து சேர்ந்தது. வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கிறது. மழைக்காலத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆதிமூலம்


நெல்லித்தோப்பு
23 அக்டோபர் 1985

மச்சான்,

நேற்று ஆயுத பூஜை. உன் பிளாஸ்டிக் பிஸ்டலுக்கு இந்தப் பாக்கியம் உண்டா சொல்.

மஞ்சள் துணி விரித்து எல்லாப் பிஸ்டல்களையும் வரிசையாகக் கிடத்தினேன். சந்தனம் நானே கல்லில் இழைத்தது, பன்னீர் விட்டு. கடைச் சந்தனப் பொடியை என் கிடங்குக்குள் விடமாட்டேன். பிஸ்டலுக்கு நெற்றி எது என்று வேலைக்குச் சேர்ந்த வருஷம் ரொம்ப யோசித்தேன். குழல் முனை வாய். அப்படியானால் பின்பக்கத் தட்டு, சுத்தி வந்து தோட்டாவைக் குத்துகிற ஊசியின் வாலில் அடிக்கிற இடம், அதுதான் நெற்றி. அங்கே சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அன்றிலிருந்து அப்படித்தான். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது என் சட்டம். பெரிய அதிகாரி வந்தாலும் அதுதான் சட்டம்.

மழை இந்த வருஷம் வலுக்கும் என்கிறார்கள். அதனால் உன் பச்சை டப்பாவைத் திறந்து எல்லாவற்றுக்கும் தாராளமாகத் தடவி, அதன்மேல் பொட்டு வைத்தேன். எண்ணெயில் சந்தனம் வழியும். உன் கிரீஸில் கம்மென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் சரக்கு நம் சாமிக்கும் ஆகிறது.

வடிவேல் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சின்னப்பாப்பா வரிசையைப் பார்த்து, இதெல்லாம் சாமியா மாமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வடிவேல் இரண்டு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

ஆதிமூலம்


நெல்லித்தோப்பு
4 நவம்பர் 1985

மச்சான்,

தந்தி கிடைத்திருக்கும். இத்தனை நாள் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, சாயங்காலம் நாலு மணி. அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கம் சாராயம் ஏற்றி வந்த ஒரு வேனை வடிவேல் மடக்கினான். கூட இருந்தது பக்கிரி என்கிற கான்ஸ்டபிள் ஒருவர்தான், அவர் ஜீப்புக்குப் பின்னால் இருந்தார். வேனிலிருந்து ஒருவன் அரிவாளோடு இறங்கினான். வடிவேல் பிஸ்டலை உருவி நீட்டினான். சுடவில்லை. ஒரே வெட்டு, கழுத்தில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. வெட்டினவனை மறுநாளே பிடித்துவிட்டார்கள்.

சுலோசனா அழவில்லை. சின்னப்பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே இருக்கிறாள்.

விசாரணை நடந்தது. பக்கிரியைக் கேட்டார்கள். சார் துப்பாக்கியை நீட்டினபடி நின்றார், வேன் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை என்றார். பிஸ்டலை மறுநாள் காலை என்னிடம் கொடுத்தார்கள். அதிகாரி எதிரில் ஆறு தோட்டா போட்டுச் சுட்டேன். ஆறும் வெடித்தன. பிஸ்டல் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

ஊர் கண்டபடி பேசுகிறது. கை நடுங்கிவிட்டது என்கிறார்கள். நீ அதையெல்லாம் காதில் வாங்காதே. அவன் போய்விட்டான், அதைத்தான் நாம் அழ வேண்டும்.

ஆதிமூலம்


துலூஸ்
24 நவம்பர் 1985

ஆதிமூலத்துக்கு,

உன் ஆயுத பூஜைக் கடிதம் தந்திக்கு ஆறு நாள் பின்னால் வந்தது. அதில் அவன் பொரி தின்றுகொண்டிருக்கிறான். ராஜாம்பாள் அதைப் பிடுங்கி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். நான் தேடி எடுத்து மறுபடியும் படித்தேன்.

லீவு கேட்டேன். கொடுத்தார்கள். ஆனால் நான் வந்து யாரைப் பார்ப்பது? அதற்குள் சாம்பல்கூட ஆறியிருக்கும். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். இதை நான் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: போகாததற்கு வேறு காரணமும் உண்டு. ஊர் சொல்வதை நானும் நம்பினேன். கட்டிலுக்கு அடியில் பதுங்குகிற பயல்தானே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவன் படத்துக்கு எதிரில் அந்த நினைப்போடு நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது பட்டறைக்காரனாகக் கேட்கிறேன். அவன் கையிலிருந்து விழுந்தபோது பிஸ்டலின் குழலுக்குள் ஒரு தோட்டா இருந்திருக்குமே. அதன் அடியில் மருந்து வைத்த கேப்பில் ஊசி குத்தின புள்ளி இருந்ததா? இருந்தால் அவன் விசையை இழுத்திருக்கிறான், பிஸ்டல்தான் கைவிட்டது. இல்லையென்றால் அவன் இழுக்கவில்லை. இரண்டில் எது என்று எழுது. எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அன்று காலையில் அவன் உன்னிடம் வந்துதான் பிஸ்டல் வாங்கியிருப்பான். என்ன சொன்னான்? கடைசியாக அவனோடு பேசினவர்களில் நீ ஒருவன். ஒரு வார்த்தை விடாமல் எழுது.

ராமலிங்கம்


நெல்லித்தோப்பு
20 டிசம்பர் 1985

ராமலிங்கத்துக்கு,

நீ அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு புள்ளி இருந்ததா, கோடு இருந்ததா என்று கேட்கிறாய். இங்கே ஒரு வீடே இடிந்து கிடக்கிறது. தோட்டாவில் ஒன்றும் இல்லை. போதுமா?

காலையில் வந்தான், பிஸ்டல் வாங்கினான், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான், போனான். எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னான். வரேன் மச்சான் என்றான்.

சுலோசனாவும் குழந்தையும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், உங்கப்பா பயந்துட்டாராமே என்று கேட்டிருக்கிறது. சின்னப்பாப்பா வந்து என்னிடம் கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பணியில் உயிர்விட்ட காவலர்கள் பெயரை வருஷா வருஷம் அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி அணிவகுப்பு வைத்து வாசிப்பார்கள், உனக்குத் தெரியும். வரப்போகிற பட்டியலுக்கு வடிவேல் பெயரை அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆயுதம் கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை என்று கோப்பில் ஏறிவிட்டது. சுலோசனா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "எனக்கு வேற எதுவும் வேணாண்ணா. அன்னிக்கி அவரு பேரைப் படிக்கணும். நீதான் உள்ள இருக்கியே, சொல்லேன்."

நான் என்ன சொல்வது? மறுபடி மறுபடி கேட்டு என்னைக் கொல்லாதே.

ஆதிமூலம்


துலூஸ்
2 பிப்ரவரி 1986

திரு. ஆதிமூலம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு தரம் படித்தேன். தங்களுடைய பழைய கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஒன்று பொருந்தவில்லை.

அக்டோபர் 23 கடிதத்தில் எல்லாப் பிஸ்டல்களின் பின்தட்டிலும் சந்தனம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் துடைக்கக் கூடாது என்பது சட்டம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த நான்காம் நாள் என் தம்பி அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் அது தங்கள் மேசைக்குத் திரும்பி வந்தது. அதிகாரி எதிரில் சுட்டுக் காட்டினபோது அந்தப் பொட்டு அதில் இருந்ததா? இல்லையென்றால் எங்கே போனது? துடைத்தது யார்? எப்போது?

தங்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் நீங்களும் நானும் ஒரே தொழில் செய்கிறவர்கள். ஊரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பற்றி என்னிடம் பொய் சொல்லக் கூடாது.

பதில் வராவிட்டால் நானே சோதித்துத் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு
ராமலிங்கம்


துலூஸ்
8 ஜூன் 1986

மச்சான்,

நாலு மாதம் உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் சொன்னபடி சோதித்தேன். உன்னை மாட்டிவிடத்தான் சோதித்தேன், அதை மறைக்கவில்லை.

ராஜாம்பாளின் சாமி அலமாரியிலிருந்து சந்தனக் கட்டையை எடுத்து, பன்னீர் விட்டு இழைத்தேன். வடிவேல் வைத்திருந்த மாதிரியே சுத்தி வெளியே தெரிகிற ஒன்பது மில்லிமீட்டர் எஃகுப் பிஸ்டல்கள் இரண்டும், அந்தப் பிளாஸ்டிக் பிஸ்டல் ஒன்றும் எடுத்தேன். மூன்றின் பின்தட்டிலும் பொட்டு வைத்தேன். பட்டறையில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் நாலு நாள் வைத்தேன், அவன் பிஸ்டல் இருந்த அதே நாலு நாள்.

பிளாஸ்டிக் முதலில். வெடித்தது. அதற்குப் பின்பக்கம் மூடி இருக்கிறது, சந்தனம் உள்ளே போக வழியே இல்லை. நம் பழைய வாக்குவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அதை அவன் இடுப்பில் கட்டியிருந்தால் இன்று உயிரோடு இருப்பான் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு முதல் எஃகுப் பிஸ்டல். அதற்கு நீ வருஷா வருஷம் போட்ட மாதிரி தண்ணி எண்ணெய் போட்டிருந்தேன். சந்தனம் காய்ந்து பொடியாகி உதிர்ந்தது. வெடித்தது. பத்துத் தோட்டா போட்டேன், பத்தும் வெடித்தன. அந்த மணலில் தோற்ற இரும்பு, உன் பொட்டைத் தாங்கிக்கொண்டது. பதினெட்டு வருஷமாகத் தாங்கியிருக்கிறது.

இரண்டாவது எஃகுப் பிஸ்டலுக்கு என் டப்பாவிலிருந்து எடுத்துத் தடவியிருந்தேன். நீ எழுதியிருந்தபடி தாராளமாக. கிரீஸ் சந்தனத்தைப் பிடித்துக்கொண்டது, இரண்டும் சேர்ந்து ஊசி இருக்கிற துளைக்குள் இறங்கி ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற மக்கு மாதிரி இறுகிவிட்டன. சுத்தி விழுந்தது. ஊசி வேகம் குறைந்து போய்க் கேப்பில் லேசாகக் குத்தி நின்றது. க்ளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி செய்தேன். மறுபடியும் க்ளிக்.

மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டே இருந்தேன். கப்பித்தேன் வந்து என் கையிலிருந்து பிஸ்டலை வாங்கி வைத்தார்.

இரும்பு தவறு செய்யவில்லை மச்சான். உன் பொட்டும் இத்தனை வருஷம் யாரையும் கொல்லவில்லை. புதிதாக வந்தது என் டப்பா மட்டும்தான். உனக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்துதான் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லையா?

ராமலிங்கம்


நெல்லித்தோப்பு
5 ஜூலை 1986

மச்சான்,

தெரியும். முதல் நாளே தெரியும்.

பிஸ்டல் என் மேசைக்கு வந்ததும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மேகசினை எடுத்தேன், குழலில் இருந்த தோட்டாவை எடுத்தேன், கழற்றினேன், துடைத்தேன். அழுக்கோடு ஒரு பிஸ்டல் மேசையில் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதில் அவன் ரத்தம் வேறு இருந்தது. ஊசித் துளைக்குள் துணியை விட்டு எடுத்தேன். மஞ்சளாகக் களிம்பு வந்தது, சந்தன வாசனையோடு. அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அதுவரை செய்தது பழக்கம். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் நான்.

அந்தத் துணியை அடுப்பில் போட்டேன். பிஸ்டலைப் பளிச்சென்று துடைத்து, அதிகாரி எதிரில் ஆறு தரம் சுட்டுக் காட்டினேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் வடிவேலைப் பயந்தாங்கொள்ளி என்று நானே சொன்னேன்.

தோட்டாவில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். பொய். கேப்பில் புள்ளி இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று, நூலளவு விலகி. முதல் தரம் வெடிக்காமல் போனதும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து மறுபடியும் சுட்டிருக்கிறான். அரிவாள் வந்துகொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் நின்று அதைச் செய்திருக்கிறான். அந்தத் தோட்டாவை எட்டு மாதம் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தேன்.

ஜூலை முதல் தேதி போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். தோட்டாவையும் வைத்தேன். பெரிய அதிகாரி முழுவதும் படித்தார். பிறகு கிடங்குச் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். வேலை போகும், வழக்கும் வரும். வரட்டும்.

அன்றே சுலோசனாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. புடைத்து முடித்து, அரிசியைக் கொட்டி வைத்துவிட்டுத்தான் கேட்டாள். "எம் பொண்ணு வந்து உன்னைக் கேட்டுச்சே. அப்பவும் தெரியுமா உனக்கு?" தெரியும் என்றேன். மறுநாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மூலக்குளத்தில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டுக்குப் போய்விட்டாள். குஞ்சம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்.

என் வாக்குமூலத்தில் உன் டப்பாவைப் பற்றி எழுதவில்லை. எண்ணெயும் சந்தனமும் என்று மட்டும் எழுதினேன். நான் இத்தனை நாள் மூடி வைத்ததற்குப் பாதி காரணம் என் உத்தியோகம். பாதி, உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாதது. இதைச் சொல்லி நான் நல்லவனாகப் பார்க்கவில்லை. உத்தியோகம்தான் பெரிய பாதி.

ஆதிமூலம்


துலூஸ்
10 ஆகஸ்ட் 1986

மச்சான்,

நீ அரைகுறையாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். எண்ணெய் என்றால் நாளைக்கு அதை எவனும் நம்பமாட்டான், அதே எண்ணெயில் பதினெட்டு வருஷம் வெடித்திருக்கிறதே. இத்துடன் என் வாக்குமூலம் இருக்கிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன கிரீஸ், யாரிடம் கொடுத்தனுப்பினேன், நான் செய்த சோதனை, எல்லாம் அதில் இருக்கிறது. சந்தனத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுப்பினவன் யோசிக்கவில்லை என்பதும் இருக்கிறது. இதை உன் தாளோடு சேர்த்துக் கொடு. என் தம்பியைக் கொன்றதில் என் பங்கை நீ எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை.

இரண்டு தரம் இழுத்தான் என்று எழுதினாய். அந்த வரியை ராஜாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு கட்டிலுக்கு அடியில் பதுங்கின கதையை இனி இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று எனக்கே கட்டளை போட்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று காலையில் அவன் என்ன சொன்னான்? வரேன் மச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் அல்ல அவன், வாயாடி. நீ அதை விட்டுவிட்டே எழுதுகிறாய். எதுவானாலும் எழுது. எனக்கு அவனுடைய குரலில் ஒரு வாக்கியமாவது வேண்டும்.

ராமலிங்கம்


நெல்லித்தோப்பு
22 அக்டோபர் 1986

மச்சான்,

நேற்று படித்தார்கள்.

கோப்பைத் திருத்தி, கடைசி நேரத்தில் பெயரை அனுப்பியிருந்தார்கள். சஸ்பெண்டில் இருப்பவன் உள்ளே போகக் கூடாது. மதிலுக்கு வெளியே, இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒலிபெருக்கியில் எல்லா ஊர்ப் பெயரும் வந்துகொண்டே இருந்தது. நம் பெயர் வருமா வராதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வடிவேல், புதுச்சேரி. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் மச்சான், இரண்டு நொடி. இளநீர்க்காரர் என்னைப் பார்த்து, உறவா என்று கேட்டார். தங்கை புருஷன் என்றேன்.

முடிந்ததும் சுலோசனா குழந்தையோடு வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போவாள் என்றுதான் நினைத்தேன். நின்றாள். உன் வாக்குமூலத்தை ஆகஸ்ட் மாதமே குஞ்சம்மாளிடம் கொடுத்து அவளிடம் சேர்த்திருந்தேன், ஆபீசுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்று. அதைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது எங்கூட்டு சமாச்சாரம். ஆபீசுக்கு வேணாம். பெரியவருக்குத் திருப்பி அனுப்பிடு." உன்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. என்னை மன்னிக்கவில்லை, அது தெரியும். சின்னப்பாப்பா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி நீ கேட்டது. மூன்று கடிதத்தில் ஒளித்தேன். அவன் பெயரைப் படித்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். எழுதாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் துப்பாக்கியைப் பற்றி உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய்.

காலை எட்டரை மணி இருக்கும். வடிவேல் வந்தான். பிஸ்டலை வாங்கி ஸ்லைடை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். சுத்தியை இறக்கி ஏற்றினான். அவனுக்கும் கை உண்டு, அது உணர்ந்திருக்கிறது. "மச்சான், என்னமோ இறுக்கமா இருக்குது. துடைச்சுட்டு எடுத்துனு போவட்டா?" என்று கேட்டான். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தும்விட்டான். பூஜைச் சந்தனத்தில் கை வைக்காதே என்று அதட்டினேன். அவன் முகம் சரியாகவில்லை. அதனால், அது சந்தனம் இல்லைடா, புது கிரீஸ், பிரான்ஸிலிருந்து உங்க அண்ணன் கொடுத்தனுப்பினது, முதலில் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அவன் சிரித்தான். கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

"அண்ணன் அனுப்புனதா? அப்ப சரி" என்று சொல்லி, இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

ஆதிமூலம்